மின்சாரக் காரும் மாற்று டயரும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஒரு கார் எத்தனை இலட்சம் ரூபாய் பெறுமானதாயினும், அது பூமியைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். மோட்டாரின் வலிமை, பிரேக்கின் பிடிப்பு, ஓட்டுபவரின் திறமை ஆகிய யாவும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே சாலையைச் சென்றடைகின்றன. ஆயினும் கார் வாங்குவோர் நிறத்தைப் பார்ப்பர். இருக்கையைத் தடவிப் பார்ப்பர். டயரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அது தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான், அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்கள் கண்ணில் படுகின்றன. அந்த எண்களுக்குப் பொருள் என்ன, மாற்று டயர் வாங்கும்போது எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரப்பர் என்பது எங்கள் ஊருக்குப் புதிய பொருள் அன்று. நான் வசிப்பது மதுரையை அடுத்து வையைக் கரையில் உள்ள கோச்சடை. மேலக்கால் சாலையில் வருவோர்க்கு அய்யனார் கோயில் எப்படி ஓர் அடையாளமோ, அப்படியே டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் ரப்பர் தொழிற்சாலையும் எங்கள் ஊருக்கு ஓர் அடையாளம். மதுரையின் மறுபுறம், மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில், 1982-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான டயர்கள் அங்கே தயாராகின்றன. கார் டயர்களுக்கோ நாம் ஒரகடம், அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர், பெரம்பலூர்ப் பக்கம் பார்க்க வேண்டும்.

வரலாற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். காற்றடைத்த டயருக்கு இராபர்ட் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். அது அப்போது எடுபடவில்லை. 1888-இல் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்து, மிதிவண்டியின் வழியாக உலகுக்கு வழங்கினார். 1946-இல் பிரான்சு நாட்டு மிச்செலின் நிறுவனம், உள்ளிழைகளை ஆரம்போலக் குறுக்கே ஓடவிட்ட 'ரேடியல்' டயருக்கு உரிமை பெற்றது. இன்று கார் டயர்கள் அனைத்துமே பெரும்பாலும் அவ்வகைதான்.

சிக்கல் எழுந்த விதம்

என் தாய்மாமன் மின்சாரக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வேகத்துக்குப் பெயர் போன வகை. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்தாறு விநாடிகளில் எட்டிவிடும். டயர்கள் தேய்ந்து, பள்ளங்களுக்கு இடையே உள்ள தேய்மான அடையாளக் கட்டைகள் மட்டத்துக்கு வந்துவிட்டன. அக்கட்டையின் உயரம் 1.6 மி.மீ. ரப்பர் அதற்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள்.

பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடையில் விசாரித்தோம். பழைய டயரில் இருந்தது 235/55 ஆர் 19, 105 டபிள்யூ, எக்ஸ்.எல். என்ற குறிப்பு. "இதே சரக்கு உடனே கிடைக்காது, வரவழைக்க வேண்டும்" என்றார் கடைக்காரர். பிறகு கைவசம் இருந்தவற்றை வரிசையாகச் சொன்னார். அதே அளவில் 101 என்று போட்டது. சற்று அகலமான 245/55 ஆர் 19. சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால் 255/45 ஆர் 20. அல்லது சக்கரத்தைச் சிறிதாக்கி 235/60 ஆர் 18. இவை போதாவென்று வெளிநாட்டுப் பாணியில் 'ஆல் சீசன்', அதாவது எல்லாப் பருவ டயர்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ளே, மூணு வருசமா பிசிக்ஸ் படிக்கிறியே, இதுல எது சரின்னு நீயே சொல்லு" என்றார். அந்த வாரம் நான் போட்ட கணக்குகளையே கீழே தருகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர் எவரும் இதைப் பின்தொடரலாம்.

எண்களின் பொருள்

235 என்பது டயரின் குறுக்ககலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தின் சதவீதத்தில். 'ஆர்' என்பது ரேடியல். 19 என்பது டயர் அமரும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஆக ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று அளவைகள் கலந்திருக்கின்றன. நம் மக்கள் குழம்புவதில் வியப்பில்லை.

முழு விட்டத்தைக் காண்போம். 235-இல் 55 சதவீதம் 129.25. மேலும் கீழுமாக இரண்டு சுவர் என்பதால் 258.5. சக்கரம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 741.1 மி.மீ. இதுவே நமக்கு ஆதார எண். மற்ற அளவுகளை இத்துடன் ஒப்பிட வேண்டும்.

245/55 ஆர் 19-க்கு விட்டம் 752.1 மி.மீ.; அதாவது 1.5 சதவீதம் கூடுதல். 255/45 ஆர் 20-க்கு 737.5 மி.மீ.; அரை சதவீதம் குறைவு. 235/60 ஆர் 18-க்கு 739.2 மி.மீ.; கால் சதவீதம் குறைவு. பெயரில் பெரிதும் வேறுபடும் இருபதும் பதினெட்டும் விட்டத்தில் நெருங்கி நிற்கின்றன. பெயரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் தோன்றும் 245-ஓ விலகி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

விட்டம் மாறினால் என்ன கெடும்? காரின் வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. டயர் 1.5 சதவீதம் பெரிதானால், மானி 100 காட்டும்போது கார் 101.5 வேகத்தில் போகும். வேறுபாடு சிறிதுதான், ஆனால் மானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டலாகாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். அன்றியும், சக்கரச் சுழற்சி வேகங்களை ஒப்பிட்டே வழுக்கலைக் கண்டறியும் பிரேக் கருவியும் இழுவைக் கட்டுப்பாடும் இந்த எண்ணையே நம்பியிருக்கின்றன. நான்கு டயர்களில் இரண்டை மட்டும் வேறு அளவில் மாற்றினால் அக்கருவிகள் குழம்பிப்போகும்.

இருபது அங்குலத்தைப் பற்றியும் ஒரு சொல். மொத்த விட்டம் மாறாமல் சக்கரம் பெரிதானால், குறைவது ரப்பர்ச் சுவர்தான். 129.25 மி.மீ. இருந்த சுவர் 114.75 ஆகிறது. பார்வைக்கு அழகு, பள்ளத்தில் இறங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தை ஒன்றரை சென்டிமீட்டர் மெலிந்துவிட்டது. மழைக்காலத்தில் நம் மதுரைச் சாலைகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பதினெட்டு அங்குலம் இதற்கு நேர்மாறு. சுவர் 141 மி.மீ. தடிமனாகிப் பயணம் மென்மையாகும். ஆனால் அச்சக்கரத்துக்குள் காரின் பிரேக் கருவி அடங்குமா என்பதை உற்பத்தியாளர் உறுதி சொல்ல வேண்டும். நான்கு புதிய சக்கரங்களுக்கும் செலவழிக்க வேண்டும்.

எடை தாங்கும் எண்

இனி வருவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. 105 டபிள்யூ என்பதில் 'டபிள்யூ' வேகத்தைக் குறிப்பது. மணிக்கு 270 கி.மீ. வரை. 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240. 105 என்பது எடையைக் குறிப்பது. அது கிலோ அன்று. ஒரு அட்டவணையின் வரிசை எண். அட்டவணையில் 105-க்கு நேரே 925 கிலோ, 101-க்கு நேரே 825 கிலோ. நான்கு எண் குறைந்தால் ஒரு டயருக்கு நூறு கிலோ வலிமை குறைகிறது. நான்கு டயருக்கும் சேர்த்தால் நானூறு கிலோ.

மின்சாரக் காரில் இது ஏன் முக்கியம்? பெட்ரோல் தொட்டியில் நாற்பது லிட்டர் இருந்தால் முப்பது கிலோதான். பெரிய மின்காரின் பேட்டரியோ நானூறு, ஐந்நூறு கிலோ. காலியானாலும் அதே எடைதான். மாமாவின் கார் ஆள் ஏறாமலே 2,100 கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் 2,550 கிலோ. அதில் 55 சதவீதம் பின்பக்கம் விழுகிறது என்று கொண்டால், ஒரு பின் டயருக்கு 700 கிலோ.

"எழுநூறுதானேடா வருது? எண்ணூத்தி இருபத்தஞ்சு தாங்குற டயரு போதாதா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விடை, கார் நின்றுகொண்டே இருப்பதில்லை என்பதே. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் எடை வெளிப்பக்கத்துக்குச் சாய்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கம் உண்டாகும்படி கார் வேகமாகத் திரும்புவதாகக் கொள்வோம். எடை மையத்தின் உயரம் 55 செ.மீ., இடவல சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மீட்டர் எனில், ஏறத்தாழ 440 கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். அதில் பாதி பின் டயருக்கு என்றாலும் அதன் சுமை 900 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அந்த நொடியில் ஒரு பள்ளமும் குறுக்கிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் 101 டயர் உடனே வெடித்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. கணநேரச் சுமைகளுக்கும் இடம் விட்டுத்தான் டயரைச் செய்கிறார்கள். ஆனால் அந்த இடம் பள்ளத்துக்கும் வெயிலுக்கும் குறைந்த காற்றுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. கடையில் மிச்சம் பிடிக்க நினைத்து அதை நாமே முதலில் தின்றுவிடலாமா? மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உண்மையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இங்கே ஏற்றுவது மயிலிறகும் அன்று, அம்மாச்சியையும் குழந்தைகளையும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேறும் கார் அது.

'எக்ஸ்.எல்.' என்ற எழுத்துகளுக்கு மிகுசுமை டயர் என்று பொருள். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. டயரில் எடையைத் தாங்குவது ரப்பர் மட்டும் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே பெரும்பங்கைத் தாங்குகிறது. மிகுசுமை டயர் 925 கிலோ தாங்கும் என்பது ஏறத்தாழ 42 பவுண்டு காற்றழுத்தத்தில்தான். அதில் 36 பவுண்டு மட்டும் அடைத்தால், அதுவும் 825 கிலோ அளவுக்கே இறங்கிவிடும். நல்ல டயரை வாங்கிவிட்டு, காற்றைக் குறைத்து ஓட்டுவது கொடுத்த பணத்தைச் சாலையில் வீசுவதே ஆகும். எவ்வளவு காற்று என்பதைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, வண்டி ஓடிச் சூடேறுமுன் அடைக்க வேண்டும். மின்கார்களின் எடை ஏறிக்கொண்டே போவதால், எக்ஸ்.எல்.-க்கும் மேலான 'எச்.எல்.' என்ற வகையும் வந்துவிட்டது. 2021-இல் பைரெல்லி நிறுவனம் அமெரிக்காவின் லூசிட் ஏர் மின்காருக்காக அதைச் செய்தது.

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்?

டயர் உருளும்போது தரையில் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிறது. இதுவே உருளல் தடை. நல்ல டயரில் இத்தடையின் குணகம் 0.008 எனவும், சாதாரண டயரில் 0.011 எனவும் கொள்வோம். ஓட்டுநரும் ஓரிருவரும் ஏறிய கார் 2,300 கிலோ. முதல் டயரில் தடைவிசை 180 நியூட்டன். இரண்டாவதில் 248 நியூட்டன். வேறுபாடு 68 நியூட்டன். ஒரு கிலோமீட்டருக்கு 68 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 0.019 யூனிட் மின்சாரம். கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் செலவழிக்கும் காருக்கு இது பத்தில் ஒரு பங்கு. ஒரு சார்ஜில் 400 கி.மீ. ஓடிய கார் 360 அளவில் நின்றுவிடும். டயர் ஒன்றே போதும், கண்ணுக்குத் தெரியாமல் நாற்பது கிலோமீட்டரை விழுங்க.

மின்மோட்டாருக்கு இன்னொரு குணம் உண்டு. பெட்ரோல் என்ஜின் சுழன்று வேகமெடுத்த பின்பே முழு முறுக்குவிசை தரும். மின்மோட்டாரோ காலை வைத்த கணமே முழுவதையும் தந்துவிடுகிறது. ஆகவே ரப்பர் விரைவில் தேய்கிறது. என்ஜின் சத்தம் இல்லாததால் டயரின் இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. அதை அடக்க சில டயர்களின் உள்ளே பஞ்சுபோன்ற நுரைப்பொருளை ஒட்டுகிறார்கள். மின்காருக்கென்றே செய்த டயர் என்று கடையில் சொல்வது வெறும் விளம்பரம் அன்று. மிகுந்த சுமை, குறைந்த உருளல் தடை, குறைந்த இரைச்சல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டுவர முயன்றதன் பெயர் அது.

நமக்கு எத்தனை பருவம்?

எல்லாப் பருவ டயர் என்ற பெயர் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அந்தப் பருவங்கள் நம் பருவங்கள் அல்ல. குளிர் நாடுகளில் கோடைக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர் என்று மாற்றுவர். கோடை டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கும். ஆண்டுக்கு இருமுறை மாற்றச் சோம்பியவர்களுக்காகப் பிறந்த சமரசமே எல்லாப் பருவ டயர். பனியிலும் ஓரளவு, வெயிலிலும் ஓரளவு. எதிலும் முதல் மதிப்பெண் இல்லை.

மதுரையில் வெப்பமானி 7 பாகையை எட்டியதைக் கண்டவர் உண்டா? நமக்கு இருப்பவை இரண்டே சோதனைகள். ஒன்று, 40 பாகையைத் தொடும் சித்திரை, வைகாசி வெயில். மற்றொன்று, ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே நாம் கேட்க வேண்டியது பனிமலைச் சின்னம் அன்று. ஈரச் சாலையில் பிடிப்பு, வெப்பத்தில் உறுதி, நீரை வெளியேற்றும் ஆழமான பள்ளங்கள். கொடைக்கானலில் மார்கழி இரவுகள் குளிர்ந்தாலும் அங்கே பனிப்பாறையில் ஓட்டப்போவதில்லை. டயர்களுக்கு ஈரப்பிடிப்பு, உருளல் தடை, இரைச்சல் ஆகியவற்றில் தகுதி வரம்பு வேண்டும் என்று மத்திய அரசும் 2022-இல் விதி செய்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் இவற்றையும் கேட்டு வாங்குவது நம் உரிமை.

தேர்ந்த முடிவு

இத்தனை கணக்கும் போட்ட பின் நான் மாமாவிடம் சொன்னது இதுதான். அளவு 235/55 ஆர் 19 மாறக்கூடாது. எடை எண் 105-க்குக் குறையக்கூடாது, கூடினால் குற்றமில்லை. வேக எழுத்தும் பழையதற்குக் கீழே போகவேண்டாம். இவை மூன்றும் கிடைத்த பிறகு உருளல் தடையையும் ஈரப்பிடிப்பையும் பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்துகொள்ளலாம். வேறு அளவுக்குப் போவதானால், அக்காருக்கே உற்பத்தியாளர் அனுமதித்த அளவாக மட்டும் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

பழைய டயரை ரீட்ரெட் செய்தால் என்ன என்றும் வீட்டில் ஒரு யோசனை வந்தது. லாரிகளிலும் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் ரீட்ரெட் டயர்கள் ஓடுவதை நாம் அறிவோம். அவற்றின் உடற்கூடு அதற்கென்றே தடிமனாகச் செய்யப்பட்டது. வேகமாக ஓடும் காரின் மெல்லிய கூட்டுக்கு அது பொருந்தாது.

மாமா மூன்று வாரம் காத்திருந்தார். அதுவரை காரை ஊர் எல்லைக்குள் மெல்ல ஓட்டினார். வந்த டயர்கள், கைவசம் இருந்த 101-ஐவிட ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது முகம் சற்றுச் சுருங்கியது உண்மை. ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கிலக்கத் தேதியைத் தாமே படித்துப் பார்த்து, புதுச் சரக்குதான் என்று உறுதி செய்த பின்பே வாங்கிக்கொண்டார். அந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். நம் ஊர் வெயிலில் விரைவாகவே மூப்படையும்.

நம்மில் பெரும்பாலோர் காரில் வருபவர்கள் அல்லர் என்பதை நான் அறிவேன். பேருந்தில் வருகிறோம், சிலர் ஸ்கூட்டரில் வருகிறோம். அந்த ஸ்கூட்டரின் டயரிலும் 90/90 - 12 என்பதுபோல் ஓர் எண் இருக்கிறது. 90 மி.மீ. அகலம், அதில் 90 சதவீதம் உயரம், 12 அங்குலச் சக்கரம். மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டால் விட்டம் 466.8 மி.மீ. என்று வரும். இன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் குனிந்து உங்கள் வண்டியின் எண்ணைப் படித்துப் பாருங்கள். தேய்மானக் கட்டையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மழைக்காலம் வருமுன் அது ஒன்றைச் செய்தால் போதும்.